எந்த கேம் என்று கேளுங்கள்

ஒரு படம் வெளிவந்தால் தமிழ்ப் பத்திரிகையில் விமர்சனம் வரும். நாவல் வந்தால் மதிப்புரை வரும். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்தவரைப் பற்றிக்கூட நாலு வரி வரும். வீடியோ கேம் மட்டும் இன்னும் சுகாதாரப் பக்கத்திலேயே கிடக்கிறது. கண் கெடும், படிப்புக் கெடும் என்று எழுதி, எல்லா கேமும் ஒன்றுதான் என்பதுபோல ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். சிறுவயதில் இருந்து இன்றுவரை கேம் விளையாடி வருபவன் நான். வேலணை வங்களாவடிச் சந்திக்குக் கிட்டப் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எந்த வீட்டில் எந்தப் பிள்ளையின் போனுக்குள் என்ன கேம் ஓடுகிறது என்பது பெற்றோருக்குத் தெரிவதற்கு முன்னே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் சொல்கிறேன்: நல்ல கேமையும் காசு பிடுங்கும் கேமையும் பிரித்தறிகிற ரசனை நமக்கு வேண்டும். அந்த ரசனையைப் பிள்ளை இரவில் போர்வைக்குள் தனியே படுத்திருந்து பழகாது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

என் ரசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் இந்த வாதம் விளங்கும்.

என்னுடைய முதல் கேம், நின்ரெண்டோ நிறுவனத்தின் 'கேம் அன்ட் வோச்'. ஜெர்மனிக்குப் போன சித்தப்பா எண்பதுகளின் கடைசியில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. உள்ளங்கையளவு பெட்டிக்குள் ஒரேயொரு விளையாட்டு. பெயர் 'ஃபயர்'. இடதுபக்கம் ஒரு மாடிக் கட்டடம் எரியும். அதிலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். கீழே இருவர் ஒரு துணியை விரித்துப் பிடித்தபடி ஓடுவார்கள். விழுகிறவரை அந்தத் துணியில் ஏந்தி, துள்ளவிட்டுத் துள்ளவிட்டு, வலதுபக்கம் நிற்கிற அம்புலன்சுக்குள் சேர்க்க வேண்டும். இடம், வலம் என்று இரண்டே பொத்தான். முதலில் ஒருவர் குதிப்பார். கொஞ்சநேரம் போக, ஒருவர் துணியில் துள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் மேலிருந்து பாய்ந்துவிடுவார். எவரை முதலில் பிடிப்பது என்று யோசிக்க நேரமிராது. விரல் தானாக முடிவெடுக்கும். எங்கள் வீட்டு விறாந்தையில் அக்கா, அண்ணை, பக்கத்து வீட்டுப் பெடியள் எல்லோரும் முறை வைத்து விளையாடினோம். தன் முறைக்குக் காத்திருப்பவர் விளையாடுகிறவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விடாதை, விடாதை, பிடி" என்று கத்துவார். கேம் என்றால் பக்கத்தில் ஆள் இருந்து விளையாடுவது என்று என் மனத்தில் பதிந்தது அந்த விறாந்தையில்தான்.

1990 இல் சண்டை மறுபடி மூண்டது. ஓகஸ்ட் மாதம் தீவுப்பகுதிக்குள் இராணுவம் இறங்க, வேலணையை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் ஓடினோம். அந்தப் பெட்டியும் உடுப்புப் பைக்குள் கூட வந்தது. ஆனால் அதற்குப் போடுகிற பொத்தான் பற்றரி முடிந்துபோனது. பொருளாதாரத் தடையில் பற்றரி கொண்டுவர விடாத காலம். பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை. 1995 வரையான அந்த ஐந்து வருடத்தை யாழ்ப்பாணம் கழித்த விதம் எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் எடுத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெயில் இராமுழுக்க விளக்கெரித்துப் படித்தோம். டைனமோ வயரை என் கேம் பெட்டிக்கும் கொடுத்துப் பார்க்க அண்ணை வெளிக்கிட்டார். அம்மா விடவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளியேறிய இடப்பெயர்வில் அந்தப் பெட்டி தொலைந்தது.

அந்தப் பெட்டியைச் செய்தவர் யார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. குன்பெய் யொகோய் என்ற ஜப்பானியப் பொறியியலாளர். ரெயிலில் அலுப்போடு இருந்த ஒருவர் கல்குலேற்றர் பொத்தான்களைச் சும்மா தட்டி விளையாடியதைக் கண்டபோது அவருக்கு இந்த யோசனை வந்ததாம். கல்குலேற்றர் நிறுவனங்களின் போட்டியால் சிறுதிரைகள் மலிந்துபோயிருந்த நேரம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல், பழசாகி மலிந்துபோன பொருளை எடுத்து அதற்கு இதுவரை இல்லாத ஒரு வேலை கொடுப்பதுதான் அவருடைய கொள்கை. 1980 இல் தொடங்கிய அந்தக் கைப்பெட்டி வரிசை உலகம் முழுக்க நாலு கோடிக்கு மேல் விற்றது. 1989 இல் வந்த 'கேம் போய்' அதே கொள்கையில் செய்ததுதான். போட்டி நிறுவனங்கள் கலர்த் திரை போட்டுப் பற்றரியைக் குடித்துத் தீர்த்தபோது, கலரில்லாத கேம் போய்தான் எல்லோருடைய பையிலும் இருந்தது. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் யொகோயின் கொள்கையைப் பாடமெடுத்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. இருப்பதை வைத்துச் செய்கிற கெட்டித்தனம் எங்கள் மண்ணில் ஒவ்வொரு சைக்கிள் கடையிலும் இருந்தது. இன்றைக்கும் ஒரு கேமைக் கையில் எடுத்தால் படம் எவ்வளவு பளபளப்பு என்று நான் பார்ப்பதில்லை. கொஞ்சத்தை வைத்து எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

2002 இல் சமாதானம் என்றார்கள். ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. கொழும்புச் சாமான் லொறி லொறியாக வந்து இறங்கியது. அதோடு 'ரீவி கேம்' வந்தது. எண்பதுகளில் ஜப்பானில் ஓடிய ஃபமிகொம் பெட்டியின் மலிவான சீன நகல் அது. மஞ்சள் கசற்றில் '999 கேம்' என்று எழுதியிருக்கும், உள்ளே உண்மையில் இருபது முப்பதுதான் இருக்கும். 'சூப்பர் மாரியோ', 'கொன்ட்ரா', 'சேர்க்கஸ் சார்லி'. அப்போது நான் வேலைக்குப் போகிற வயது. இருந்தும் இழந்த சின்ன வயதை ஆறுதலாக இருந்து வாங்கிக்கொண்டேன்.

அவற்றுள் எனக்கு உயிர் 'பட்டில் சிற்றி'. 1985 இல் நம்கோ வெளியிட்டது. மஞ்சள் டாங்கி ஒருவருக்கு, பச்சை டாங்கி மற்றவருக்கு. கீழே நடுவில் ஒரு கழுகுச் சின்னம். மேலிருந்து இறங்கும் இருபது எதிரி டாங்கிகளிடம் இருந்து அதைக் காக்க வேண்டும். இருவரும் ஒரே கட்சி. ஆனால் தவறி நண்பனின் டாங்கிக்குச் சுட்டுவிட்டால் அவன் கொஞ்சநேரம் அசைய முடியாமல் உறைந்து நிற்பான், அதற்குள் எதிரி வந்துவிடும். ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்து எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் அடுத்து என்ன செய்வான் என்று முகம் பாராமலே தெரிய வேண்டும். முந்நூற்றிநாலு விளையாடுகிறவர்களுக்கு இது விளங்கும். கூட்டாளியின் கையில் என்ன கடதாசி இருக்கும் என்று கணிக்கத் தெரியாதவன் அந்த விளையாட்டில் துரும்பு கேட்டும் பயனில்லை.

'பட்டில் சிற்றி'யில் இன்னொரு வசதி. களத்தை நாமே கட்டலாம். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டம். செங்கல், இரும்பு, பற்றை, தண்ணீர், பனிக்கட்டி என்று எது வேண்டுமோ அதைக் கட்டத்துக்குள் வைக்கலாம். நானும் மச்சானும் முதலில் திரை முழுக்கத் தண்ணீரை நிரப்பினோம். பிறகு அதற்குள் நிலத்தைத் திறந்தோம். இது மண்டைதீவு, இது வேலணை, கீழே புங்குடுதீவு. டாங்கி தண்ணீரில் போகாது. ஆகவே பண்ணைப் பாலத்துக்கு ஒரு வரி வெறும் நிலம் விட்டோம், புங்குடுதீவுக்குப் போகிற பாலத்துக்கு இன்னொரு வரி. பாலத்து வாசலில் செங்கல் வைத்து ஒரு சென்றி. கழுகை எங்கே வைப்பது என்பது எங்கள் கையில் இல்லை, அது கீழ்நடுவில்தான் நிற்கும். அந்த இடத்துக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை என்று பெயர் வைத்தோம். எதிரி வருகிற வழி பாலம் ஒன்றுதான் என்றால் காவல் எவ்வளவு இலகு, அதே பாலம் அடைபட்டால் உள்ளே நிற்பவருக்கு எவ்வளவு இக்கட்டு என்பதை மச்சான் டாங்கியை ஓட்டி ஓட்டிக் காட்டினான். அந்தப் பெட்டியில் எதையும் சேமித்து வைக்க முடியாது. கரண்ட் போனால் தீவும் போய்விடும். மறுநாள் பின்னேரம் திரும்பக் கட்டுவோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வரும்.

2006 ஓகஸ்டில் ஏ9 திரும்பவும் பூட்டப்பட்டது. மாலையானால் ஊரடங்கு. அந்த மூன்று வருடம் என் கேம் நொக்கியா போனுக்குள் இருந்த பாம்பு. பின்லாந்துப் பொறியியலாளர் தனெலி அர்மாந்தோ 1997 இல் நொக்கியா 6110 க்காகச் செய்தது அது. இரவில் டோர்ச்சும் கேமும் ஒரே போனில் இருந்ததால் நொக்கியா 1100 எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு நின்றது. பாம்பு நீள நீள இடம் குறையும். கடைசியில் தன் வாலில் தானே முட்டிச் சாகும். அவ்வளவுதான் அது, ஆனால் ஊரடங்கு இரவுக்குப் போதுமாக இருந்தது.

போர் முடிந்த பிறகு பிளேஸ்ரேஷன் 2 ஒன்று பழசாகக் கைக்கு வந்தது. அதில் விளையாடியவற்றுள் 2005 இல் வந்த 'ஷடோ ஒப் த கொலோசஸ்' என்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். செய்தவர் ஃபுமிதோ உவெடா. இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க ஒருவன் குதிரையில் ஆளில்லாத நாட்டுக்கு வருகிறான். பதினாறு பெரும் பூதங்களைக் கொல்ல வேண்டும். இடையில் சின்ன எதிரிகள் கிடையாது, ஊர் கிடையாது, கடை கிடையாது. வெறும் புல், கல், காற்று, குதிரைக் குளம்பொலி. ஒவ்வொரு பூதம் விழும்போதும் வென்ற மகிழ்ச்சி வராது. ஏன் கொன்றோம் என்ற கேள்விதான் வரும், அவன் முகமும் வரவர வெளிறிப்போகும். நெடுந்தீவின் தெற்குப் பக்கம் போனவர்கள் கற்பனை பண்ணிப் பார்க்கலாம். பவளக்கல் வேலிகள் முடிந்த பிறகு வெட்டவெளி, அதில் ஒல்லாந்தர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அந்தக் கட்டாக்காலிக் குதிரைகள். அந்த வெளியில் நின்றால் வருகிற தனிமையை ஒரு ஜப்பானியர் எப்படிச் செய்து காட்டினார் என்று நான் வியந்ததுண்டு. இப்படி ஒன்றைச் சினிமாவில் யாரும் செய்திருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள்.

இனிச் சொல்லப்போகிற இரண்டு கேமும் எங்கள் ஊர் ஆட்கள் கட்டாயம் அறிய வேண்டியவை.

ஒன்று 'பேப்பர்ஸ், பிளீஸ்'. 2013 இல் லூகஸ் போப் என்ற தனியொருவர் செய்தது. நீங்கள் ஓர் எல்லைச் சாவடியில் பாஸ்போட் பார்க்கிற அலுவலர். வரிசையில் வருகிறவரின் கடதாசியில் பெயர், திகதி, முத்திரை எல்லாம் சரியா என்று பார்த்து விட வேண்டும், அல்லது திருப்ப வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தீர்களோ அதற்குத்தான் சம்பளம். வீட்டில் குளிர், பசி, மருந்துச் செலவு. ஒருநாள் ஒருவர் சரியான கடதாசியோடு வருகிறார். பின்னால் என் மனைவி நிற்கிறாள், தயவு பண்ணுங்கள் என்கிறார். மனைவியிடம் ஒரு கடதாசி குறைகிறது. விட்டால் உங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு வரும், விடாவிட்டால் அவர்கள் பிரிவார்கள். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சாவடிக்குச் சாவடி நின்று வளர்ந்தவன் நான். அந்த மேசையின் மறுபக்கத்தில் என்னை ஒருபோதும் வைத்துப் பார்த்ததில்லை. அந்த அலுவலரையும் ஏதோ ஒன்று கழுத்தில் பிடித்திருக்கலாம் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை. அதனால் பட்டது மறந்துபோகவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் கூர்மையாகி, ஆளில் இருந்து ஒழுங்குமுறைக்குத் திரும்பியது.

மற்றது 'திஸ் வோர் ஒப் மைன்'. போலந்தின் 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014 இல் வெளியிட்டது. சரஜேவோ நகர முற்றுகையை மனத்தில் வைத்துச் செய்தது. இதில் நீங்கள் போராளி இல்லை, படைவீரர் இல்லை. இடிந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கிற சனம். பகலில் வெளியே போக முடியாது. இரவில் ஒருவர் போய் மருந்து, விறகு, உணவு தேடி வர வேண்டும். கிழவனும் கிழவியும் தனியே இருக்கிற ஒரு வீடு வரும். களவெடுத்தால் உங்கள் ஆட்கள் பிழைப்பார்கள், ஆனால் எடுத்து வந்தவர் அடுத்த நாள் பேசாமல் ஒரு மூலையில் இருந்துவிடுவார். சாப்பிடச் சொன்னாலும் எழும்பமாட்டார். சண்டை கேம் ஆயிரம் இருக்கிறது. அவற்றில் தெருவில் சனமே இருக்காது, எல்லோரும் துவக்கோடுதான் நிற்பார்கள். போருக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், போர் என்பது பெரும்பாலும் தண்ணீர், மா, விறகு, வயிற்றோட்டத்துக்கு மருந்து. அதை அப்படியே சொன்ன கேம் இது ஒன்றுதான் என் கைக்கு வந்திருக்கிறது. 2020 இல் போலந்து அரசாங்கம் இதை மேல்வகுப்பு மாணவருக்குப் பரிந்துரைக்கும் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நாவல்களுக்குப் பக்கத்தில் ஒரு கேம்! பெரும்போர்களால் நொருங்கி எழும்பிய நாடு அது. எதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று யோசித்துத்தான் கொடுத்தது.

தமிழுக்கும் இதில் இடம் வந்துவிட்டது. 'ஏஜ் ஒப் எம்பயர்ஸ் 2' என்ற பழைய கேமுக்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஒப் இந்தியா' என்றொரு பகுதி வந்தது. அதில் திராவிடர் ஒரு நாகரிகம், இராஜேந்திர சோழன் ஒரு கதை. வேலைக்காரனைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வான். நாட்டில் டீசல் இல்லாமல் ஒருநாள் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வந்தது அது. வெட்டு நேர அட்டவணையைப் பார்த்து, இடையில் கிடைத்த நேரத்தில் விளையாடினேன். மரம் வெட்டச் சொல்ல அவன் தமிழில் வாய்திறந்ததும், சமையலறையில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தார், ஆரோ வந்திருக்கினம் என்று.

அதைவிடப் பெரிது 'வெண்பா'. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988 இல் கனடாவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். தாயார் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். 2024 இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருதையும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். பெருவிருதையும் பெற்றது. குழலைப் பூட்டி மாவையும் தேங்காய்ப்பூவையும் அடுக்கும் இடத்தில் என் மனைவி கட்டுப்பாட்டுக் கோலை என்னிடமிருந்து வாங்கிவிட்டார். வாழ்க்கையில் கேம் தொடாத ஆள். "எங்கட நீத்துப்பெட்டி எண்டால் இவ்வளவு பாடில்லை" என்றார். நியாயமான விமர்சனம். நீத்துப்பெட்டியும் ஒடியல் கூழும் வருகிற ஒரு கேமை இந்த மண்ணின் பிள்ளைகள் செய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறார்கள், யாழ் ஐ.ரி. ஹப் வருடாவருடம் போட்டி வைக்கிறது. கிளித்தட்டு ஒன்றே போதும், நிலவு வெளிச்சத்தில் கோட்டுக்குக் கோடு ஆளை ஏமாற்றிப் பாய்கிற அந்த நுட்பத்தைத் திரைக்குக் கொண்டுவர.

இப்போது மற்றப் பக்கத்துக்கு வருகிறேன்.

கடைக்கு வருகிற தாய்மார் போனை மேசையில் வைத்து, "தம்பி, இதுக்குள்ள இருக்கிற கேமை அழிச்சு விடும், பிள்ளை சாப்பிடுறானில்லை" என்பார்கள். எந்த கேம் அக்கா என்று கேட்டால் தெரியாது. பெரும்பாலும் அது இலவசமாக இறங்குகிற ஒரு சண்டை விளையாட்டு. இலவசம் என்பது வாசல் மட்டும்தான். உள்ளே போனால் வைரம், உடுப்பு, துவக்குக்குப் பூசும் நிறம் என்று ஒவ்வொன்றுக்கும் காசு. ஒருநாள் விளையாட வராவிட்டால் பரிசு தவறும் என்று மணி அடித்துக் கூப்பிடும். காசு கொடுத்துப் பெட்டி திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது, கிடைத்தால் அதிர்ஷ்டம். ரீலோட் கார்ட்டுக்கென்று பிள்ளை எடுத்த காசு எதற்குப் போனது என்று தேடிப் பிடிக்கச் சொல்லி ஒரு கடற்றொழிலாளி என் கடைக்கு வந்தார். கடலில் இரவிரவாக நின்று உழைத்த காசு. போன் முழுக்க ரசீது. அவருக்கு முன்னால் அதை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இது கேம் இல்லை, சூது. நான் மட்டும் சொல்லவில்லை. காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இலேயே சொல்லிவிட்டது. சீனா 2021 செப்டெம்பரில் இருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய கேம் என்று வரையறுத்தது. அவ்வளவு கடுமை எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அதுவும் எல்லா இணைய கேமையும் ஒரே தட்டில் வைத்துத்தான் நிறுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் கேம் கோளாறைச் சேர்த்திருக்கிறது உண்மை. ஆனால் அதன் அளவுகோலை வாசியுங்கள். கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முன்னுக்கு வந்து, கெடுதி தெரிந்தும் தொடர்ந்து, வழக்கமாக ஒரு வருடமாவது அப்படியே நீடித்தால்தான் அது கோளாறு. விடுமுறையில் ஒரு பின்னேரம் முழுக்க விளையாடிய பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

காசு ஒருமுறை கொடுத்து வாங்கி, தொடக்கமும் முடிவும் உள்ள கேம் ஒன்று. முடிவே இல்லாமல் தினமும் பையைத் தடவுகிற கேம் இன்னொன்று. பிள்ளையின் கையில் இருப்பது இதில் எது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கேட்கத் தெரியாததால் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார்கள். நான் அழித்துக் கொடுத்ததும் பிள்ளை பஸ் ஏறுமுன் திரும்ப இறக்கிவிடுகிறான். இறக்குவது எது? மறுபடியும் அந்த இலவசம்தான், ஏனென்றால் வேறு ஒன்று இருப்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

யார் காட்டுவது? எங்களிடம் சனசமூக நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர், வட்டாரத்துக்கு வட்டாரம் நிற்கிற அந்தச் சின்னக் கட்டடம். காலையில் பெரியவர்கள் பத்திரிகை வாசிப்பார்கள், பின்னேரம் கரம் சுண்டுவார்கள். பல நிலையங்கள் இப்போது பின்னேரத்தில் வெறுமையாகக் கிடக்கின்றன. வேலணையிலும் ஊர்காவற்துறையிலும் நெடுந்தீவிலும் ஒவ்வொன்றைத் தேர்ந்து, ஒரு 32 அங்குல ரீவி, ஒரு சின்னக் கணினி, நாலு கட்டுப்பாட்டுக் கோல் வையுங்கள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பு இழுக்கிற அளவு கரண்ட்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று, டீசல் மூன்றும் கலந்த மின் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு ஆகியது. வெளிச்சம் வரும்போது அதில் பிள்ளைகள் என்ன பார்க்கப் போகிறார்கள் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

ஆசிரியர் பற்றாக்குறை, கடைசிப் படகைத் தவறவிட்டால் அடுத்தநாள்தான் வீடு, இதற்குள் கேமா என்று கேட்பார்கள். அந்தக் குறைகளைத் தீர்க்க இந்தச் செலவை நிறுத்தி வைத்தால் ஒன்றும் மிச்சம் வராது. கேம் ஏற்கெனவே தீவுக்குள் வந்துவிட்டது, ஒவ்வொரு போனுக்குள்ளும் இருக்கிறது. தனியே ஒளித்து விளையாடுவதை வெளிச்சத்தில் நாலு பேரோடு விளையாட வைப்பதைத்தான் கேட்கிறேன்.

எதை வைப்பது என்று கேட்டால் என்னிடம் பட்டியல் உண்டு. முதலில் 'ரெற்றிஸ்'. 1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது. மொழி தேவையில்லை, எழுபது வயதுத் தாத்தாவும் விளையாடலாம். பிறகு 'ஓவர்குக்ட்'. நாலு பேர் ஒரு சமையலறையில் நின்று வெட்டி, வேகவைத்து, கோப்பை கழுவி, நேரத்துக்குள் பரிமாற வேண்டும். கலியாண வீட்டு அடுக்களை மாதிரிச் சத்தம் எழும்பும், யார் எதைச் செய்வது என்று பேசிப் பிரிக்காவிட்டால் எல்லாம் கருகும். ஸ்காபரோவில் இருந்து விடுமுறைக்கு வந்த அக்காவின் மகளுக்குத் தமிழ் கொஞ்சம், என் மகனுக்கு ஆங்கிலம் கொஞ்சம். வந்த அன்று ஆளுக்கொரு கதிரையில் இருந்து ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த கேமைப் போட்டுவிட்டேன். "வெங்காயம், வெங்காயம்!" என்று அவள் தமிழிலும் "பிளேற், பிளேற்!" என்று அவன் ஆங்கிலத்திலும் கத்துகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. பிறகு 'ஸ்ரார்டியூ வலி', எரிக் பரோன் என்ற ஒருவர் நாலு வருடத்துக்கு மேல் தனியே இருந்து செய்த தோட்டக்கார கேம். பயிர் வைக்கிறது, மீன் பிடிக்கிறது, ஊர்ச்சனத்தோடு கதைக்கிறது. வேலணைப் புகையிலைத் தோட்டத்தில் நின்ற பிள்ளைக்கு அது சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதோடு 'வெண்பா'. உயர்தரம் முடித்தவர்களுக்கு, பெரியவர் ஒருவர் கூட இருந்து பேசத் தயாராக இருந்தால், 'திஸ் வோர் ஒப் மைன்'.

செலவுக்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நயினாதீவுக்கும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் ஊர்ச்சங்கங்கள் இருக்கின்றன. கோபுரம் கட்டித் தந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு மதில் கட்டித் தந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கேமோடு வளர்ந்தவர்கள், பாவித்த பெட்டி ஒன்று அலுமாரிக்குள் கிடக்கும். பிரதேச சபைகள் அனுமதியும் ஒரு பொறுப்பாளரும் தந்தால் போதும். ரீவியும் கோலும் பழுதானால் திருத்தித் தருவதற்கு நான் இருக்கிறேன், கூலி வேண்டாம். பின்னேரம் 4 மணிக்குத் திறந்து 6 மணிக்குப் பூட்டட்டும். யார் எவ்வளவு நேரம் விளையாடினார் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். சோதனை மாதங்களில் பூட்டியே கிடக்கட்டும். பெரியவர் ஒருவர் வராத நாளில் திறக்கவே கூடாது.